முதுகெலும்பு இணைப்பு அறுவை சிகிச்சை முடிந்து ஏழு வாரம்: கால் வலி போய்விட்டது, மரத்த உணர்வு போகவில்லை

கேள்வி

வணக்கம். எனக்கு வயது 46. நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலை. கீழ்முதுகில் எல்4 எலும்பு எல்5 எலும்பின்மேல் முன்னோக்கி நழுவியிருந்ததால், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாக இடது காலில் வலி இருந்தது. பத்து நிமிடம் நடந்தால் கால் கனத்துவிடும். எங்காவது உட்கார்ந்து முன்பக்கமாகக் குனிந்தால்தான் விடும். மாத்திரை, பிசியோதெரபி, முதுகில் ஊசி என்று எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு, ஏழு வாரங்களுக்கு முன் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். நரம்பை நெருக்கிக்கொண்டிருந்த பகுதியை அகற்றி, எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க் இருந்த இடத்தில் சிறிய கூண்டு ஒன்றை வைத்து, எலும்புத் துகள்களை நிரப்பி, நான்கு திருகுகளாலும் இரண்டு கம்பிகளாலும் அந்த இரண்டு எலும்புகளையும் பிணைத்திருக்கிறார்கள்.

மயக்கம் தெளிந்த அன்று மாலையே காலில் அந்தப் பழைய வலி இல்லை. இரண்டு ஆண்டுகளாக உடன் இருந்த ஒன்று திடீரென்று காணாமல் போனதை நம்பமுடியாமல், காலை அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமும், பாதத்தின் மேற்பகுதியும், கட்டைவிரலும் இன்னும் மரத்தே இருக்கின்றன. மூன்றாவது வாரத்திலிருந்து இரவில் அதே இடத்தில் எறும்பு ஊர்வது போலவும் சில நேரம் மின்சாரம் சுண்டியது போலவும் ஓர் உணர்வு புதிதாக வந்திருக்கிறது. இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தால் இடுப்பில் பாறையைக் கட்டிவைத்தது போலாகிவிடுகிறது.

என்னை மிகவும் அச்சுறுத்தியது ஐந்தாவது வாரம். அன்று உடம்பு இலேசாக இருந்ததால் 40 நிமிடம் நடந்தேன். திரும்பி வந்து அலமாரியில் புத்தகங்களையும் அடுக்கினேன். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் படுக்கையிலிருந்து எழவே முடியவில்லை. திருகு உடைந்துவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர் எல்லாம் வைத்த இடத்தில் அப்படியே இருப்பதாகச் சொல்லி அனுப்பினார். இப்போது இடுப்புப் பெல்ட்டையும் கழற்றிவிடச் சொல்லியிருக்கிறார். அது இல்லாமல் நிற்கவே பயமாக இருக்கிறது. அலுவலகத்தில் எப்போது வருவீர்கள் என்று கேட்கிறார்கள்.

இந்த மரத்த உணர்வு போகுமா, இரவில் வரும் சுண்டல் நல்லதா கெட்டதா, எந்த வலியைப் பொறுத்துக்கொள்ளலாம், எதற்கு ஓடிப்போய்க் காட்டவேண்டும் என்பதை இதைக் கடந்து வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

முதல் பதில் (மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே சிகிச்சை செய்துகொண்டவர்)

உங்கள் ஐந்தாவது வாரத்தைப் படித்தபோது என் நாட்குறிப்பையே யாரோ எடுத்து எழுதியது போல இருந்தது. எனக்கு ஒரு நிலை கீழே, எல்5-க்கும் அதற்கு அடுத்துக் கீழே உள்ள எஸ்1 எலும்புக்கும் இடையில் இணைத்தார்கள். நானும் ஒரு நல்ல நாளில் ஆடிவிட்டு மூன்று நாள் படுத்தேன். அந்தக் காலத்தில் நல்ல நாளில் செலவழித்ததையெல்லாம் கெட்ட நாளில் வட்டியும் முதலுமாகக் கட்டவேண்டியிருந்தது.

முதலில் திருகுகளைப் பற்றி. கான்கிரீட் இறுகும்வரை அதைப் பிடித்திருக்கும் சென்ட்ரிங் பலகையைப் போன்றவைதாம் அந்தத் திருகுகளும் கம்பிகளும் என்று என் மருத்துவர் விளக்கினார். பலகையைப் போல இவற்றைக் கழற்றுவதில்லை என்பது மட்டுமே வேறுபாடு. உண்மையான இணைப்பு என்பது உள்ளே வைத்த எலும்புத் துகள்களின் வழியாகப் புதிய எலும்பு வளர்ந்து இரண்டு எலும்புகளும் ஒன்றாவதுதான். அது ஓரளவு உறுதிப்பட மூன்று முதல் ஆறு மாதமும், முழுமையாக முதிர ஓர் ஆண்டோ அதற்கு மேலோ ஆகும். ஏழாவது வாரத்தில் உங்கள் உடம்பு இன்னும் பாதிக் கட்டடம். தோல் மேல் உள்ள தழும்பு ஆறிவிட்டதால் உள்ளேயும் எல்லாம் ஆறிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். எலும்பை எட்டுவதற்காக முதுகுத் தசைகளை இரண்டு பக்கமும் விலக்கிப் பிடித்திருந்தார்கள் அல்லவா, நீங்கள் உட்காரும்போது உணரும் அந்தப் பாறை பெரும்பாலும் அந்தத் தசைகளின் களைப்பாக இருக்கக்கூடும். எனக்கு அப்படித்தான் இருந்தது. நான்காவது மாதத்தில் பாறை செங்கல்லாயிற்று, பிறகு எப்போது போனது என்று தெரியவில்லை.

மரத்த உணர்வைப் பற்றிப் பொறுமையாக எழுதுகிறேன், ஏனென்றால் என்னை அதிகம் தூங்கவிடாமல் செய்தது அதுதான். நரம்பின் இழையே சேதமடைந்திருந்தால் அது மீண்டும் வளரும் வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். இடுப்பிலிருந்து பாதம் வரையிலான தூரம் ஒரு மீட்டரை நெருங்குகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அதே சமயம், இழை அறுபடாமல் நெருக்கத்தால் உறை மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ உணர்வு திரும்பிவிடும். எது எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறுவதால்தான், ஒரே அறுவை சிகிச்சை செய்துகொண்ட இருவரில் ஒருவருக்கு இரண்டே மாதத்தில் சரியாகிறது, மற்றவர் ஓர் ஆண்டு காத்திருக்கிறார். வலி உடனே விடுவதும் மரப்பு தங்கிவிடுவதும் மிகச் சாதாரணம். இரவில் வரும் அந்தச் சுண்டலும் எறும்பு ஊர்தலும், நசுங்கிக் கிடந்த நரம்பு மீளும்போது பலருக்கு வருவதுதான். எனக்கு எட்டாவது மாதத்தில்தான் பாதம் திரும்பியது. இரண்டு விரல்களின் நுனி இன்றுவரை மந்தமாகவே இருக்கிறது. செருப்புக்குள் மணல் புகுந்தால் அந்த இரண்டு விரல்களுக்கு மட்டும் தெரியாது. அதோடு வாழப் பழகிவிட்டேன்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நிமிடம் நடந்தீர்கள், மறுநாள் காலை எழும்போது எப்படி இருந்தது என்று இரண்டே வரிகள் போதும். அன்றைய வலி நம்மை ஏமாற்றும். மறுநாள் காலைதான் உண்மையைச் சொல்லும். மற்றபடி ஓராண்டு வரை குனியவே குனியாதீர்கள், எதையும் தூக்காதீர்கள். நான் அப்படித்தான் இருந்தேன்.

இரண்டாவது பதில் (பிசியோதெரபிஸ்ட்)

மேலே உள்ள பதிலில் கடைசி இரண்டு வரிகளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறேன். ஓராண்டு குனியாமல் இருப்பது பாதுகாப்பு அல்ல. அப்படி இருந்தவர்களின் இடுப்பும் தொடையும் இறுகிப்போய், பிறகு அதைத் தளர்த்தவே தனியாக மாதக்கணக்கில் பாடுபடவேண்டியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். முதல் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை முதுகை வளைத்துக் குனிவது, முறுக்குவது, கனமானதைத் தூக்குவது ஆகிய மூன்றையும் தவிர்க்கச் சொல்வது வழக்கம். இந்தக் கால அளவு அறுவை சிகிச்சை நிபுணருக்கு நிபுணர் மாறும், உங்களுடையவர் சொன்னதே உங்களுக்கான கணக்கு. அதன் பிறகு எக்ஸ்ரேயில் எலும்பின் நிலையைப் பார்த்துப் படிப்படியாகத் தளர்த்துவார்கள். தரையில் கிடக்கும் பொருளை எடுக்கவேண்டுமானால், முதுகு நேராக இருக்க, இடுப்பு மூட்டிலிருந்தும் முழங்காலிலிருந்தும் இறங்குவதை இப்போதே பழகலாம். படுக்கையிலிருந்து எழும்போது தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் திரும்பும்படி, மரக்கட்டை உருள்வது போல ஒருக்களித்து, கால்களைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டே கையை ஊன்றி எழவேண்டும். நேராக மல்லாந்த நிலையிலிருந்து எம்பி எழுவது கூடாது. வயிற்றைக் குறைக்க ஆசைப்பட்டு மல்லாந்து படுத்து உடலைத் தூக்கும் பயிற்சியை இப்போது தொடங்கிவிடாதீர்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால் ஆறாவது வாரத்தில் அதைத் தொடங்கியவர்கள் வருகிறார்கள்.

உட்காருவதைப் பற்றி ஒரு சிறு வரலாறு. சுவீடனைச் சேர்ந்த ஆல்ஃப் நாக்கம்சன் 1960-களில் டிஸ்க்கினுள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்து, நிற்பதைவிட உட்கார்ந்திருக்கும்போது அழுத்தம் அதிகம் என்று காட்டினார். உட்காருவதே முதுகுக்குப் பகை என்ற பயம் பெருமளவு அங்கிருந்து பரவியதுதான். 1999-இல் வெளிவந்த மற்றோர் அளவீட்டில், தளர்ந்து சாய்ந்து உட்காரும்போது அழுத்தம் நிற்பதைவிடக் கூடுதலாக இல்லை என்று தெரிந்தது. ஆகவே நாற்காலி உங்கள் இணைப்பைக் கெடுத்துவிடாது. சிக்கல் அசையாமல் இருப்பதில்தான். இருபது நிமிடத்தில் கனக்கிறது என்றால் பதினைந்தாவது நிமிடத்தில், அதாவது கனப்பதற்கு முன்பே, எழுந்து இரண்டு நிமிடம் நடந்துவிட்டு மீண்டும் உட்காருங்கள். வலி வந்தபின் எழுபவருக்கு அந்த நேரம் நீளுவதே இல்லை. நாற்காலி தாழ்வாக இல்லாமல், முழங்கால் இடுப்பைவிடச் சற்றுத் தாழ இருக்கும் உயரத்தில் இருக்கட்டும்.

பெல்ட்டைப் பொறுத்தவரை, திருகுகள் வைத்துப் பிணைத்த பிறகு அது எலும்பு கூடுவதை விரைவுபடுத்துகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. பல நிபுணர்கள் அதைக் கொடுப்பதே இல்லை. அது உங்களுக்குக் கொடுத்தது பெரும்பாலும் தைரியத்தை. தைரியத்தையும் ஒரே நாளில் பறிக்கவேண்டாம் என்று தோன்றினால், வீட்டுக்குள் இருக்கும்போது கழற்றியும், வெளியே நீண்ட நேரம் போகும்போது அணிந்தும், ஒன்றிரண்டு வாரங்களில் விட்டுவிடலாமா என்று உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.

மரத்துப்போவதும் வலு குறைவதும் வேறு வேறு. எதையாவது பிடித்துக்கொண்டு குதிகாலில் நின்று பாருங்கள். இரண்டு பாதங்களின் முன்பகுதியும் ஒரே உயரத்துக்கு மேலே வருகிறதா, கட்டைவிரலை மேல்நோக்கித் தூக்கும்போது கையால் எதிர்த்து அழுத்தினால் இரண்டும் ஒரே அளவு தாங்குகின்றனவா என்று கவனியுங்கள். உங்களுக்கு நெருக்கப்பட்டிருந்தது எல்5 நரம்பு. அந்தக் கட்டைவிரல் அதன் ஆட்சிக்கு உட்பட்டது. இந்த வலு முன்பு இருந்ததைவிடக் குறைந்துகொண்டே வந்தாலோ, நடக்கும்போது பாதம் தரையில் தட்டினாலோ, மறுபரிசோதனை நாளுக்காகக் காத்திருக்காமல் மருத்துவரிடம் தெரிவிக்கவேண்டும்.

எதற்கு ஓடிப்போவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு தொடைகளுக்கும் நடுவே, உட்காரும் இடத்தில், புதிதாக உணர்வு குறைந்தால், சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் வெளியேறினால் அது மணிக்கணக்கில் முடிவெடுக்கவேண்டிய அவசரம். காலை வரை பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் இரத்தக் கட்டியாக இருக்கலாம், அதோடு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. 38 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், தையல் இட்ட இடம் சிவந்து நீர் கசிவது, குறைந்துகொண்டே வந்த முதுகுவலி திசை மாறி நாளுக்கு நாள் ஏறுவது ஆகியவை தொற்றின் அடையாளமாக இருக்கக்கூடும். எழுந்து நின்றால் தலை பிளந்து, படுத்தால் விட்டுவிடும் தலைவலி, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள திரவம் கசிவதால் வரலாம். உங்கள் ஐந்தாவது வாரத்து வலி இவற்றில் எதிலும் சேராது. இரண்டு நாளில் தானாகத் தணிந்தது அல்லவா, அளவுக்கு மீறி உழைத்த தசை அப்படித்தான் நடந்துகொள்ளும்.

இன்னும் ஒன்று. நீங்கள் புகைபிடிப்பவரா என்று எழுதவில்லை. எழுதாததால் சொல்லிவைக்கிறேன்: எலும்பு கூடாமல் போவதற்குத் தெரிந்த காரணங்களில் புகையிலை முதல் வரிசையில் இருக்கிறது. அதேபோல் சில வலிநிவாரணி மாத்திரைகளை, குறிப்பாக வீக்கத்தையும் சேர்த்துக் குறைக்கும் வகையை, இணைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் சில காலம் தவிர்க்கச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. கடையில் நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்ளாமல் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

மூன்றாவது பதில்

எல்லாரும் சேர்ந்து அவரைப் பயமுறுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது. எனக்கு டிஸ்க் பிதுங்கியதற்காக அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டாவது வாரத்தின் முடிவில் வேலைக்குப் போய்விட்டேன். குனிந்தேன், நிமிர்ந்தேன், ஒன்றும் ஆகவில்லை. 1996-இல் வெளியான ஓர் ஆய்வில் 50 பேருக்கு எந்தக் கட்டுப்பாடும் விதிக்காமல் அனுப்பியபோது அவர்கள் விரைவாக வேலைக்குத் திரும்பினார்கள் என்று படித்திருக்கிறேன். நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு நாள்தோறும் வலியை எழுதிக்கொண்டிருந்தால் மனம் வலியையே தேடும்.

பிசியோதெரபிஸ்டின் மறுமொழி

அந்த ஆய்வு டிஸ்க்கின் பிதுங்கிய துண்டை மட்டும் அகற்றியவர்களைப் பற்றியது. அங்கே கூடவேண்டிய எலும்பு எதுவும் இல்லை. உங்களுக்குச் செய்ததும் கேள்வி கேட்டவருக்குச் செய்ததும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே இடத்துத் தழும்புதான், உள்ளே வேறு வேறு வேலை. ஒருவரின் கால அட்டவணையை மற்றவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. ஆனால் வலியை எழுதினால் மனம் வலியையே தேடும் என்ற உங்கள் எச்சரிக்கை சரியானது. ஆகவே நோட்டில் வலிக்கு எண் போடவேண்டாம். நடந்த நிமிடங்களையும், உட்கார்ந்த நிமிடங்களையும், மறுநாள் காலை எளிதாக எழுந்தேனா இல்லையா என்பதையும் மட்டும் எழுதினால் போதும்.

நான்காவது பதில் (கணவரைக் கவனித்துக்கொண்டவர்)

என் கணவருக்கு இரண்டு நிலைகளில் இணைத்தார்கள். மருத்துவ விவரங்களை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். அருகில் இருந்து பார்த்தவளாகச் சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

முதல் வாரத்தில் அவரை அதிகம் வாட்டியது முதுகு அல்ல, மலச்சிக்கல். வலுவான வலிநிவாரணிகள் குடலை மந்தமாக்கிவிடும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், முக்கி முக்கி முதுகை நோகடித்திருக்கமாட்டார். நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டியிருப்பீர்கள், ஆனாலும் இதை வேறு யாராவது படிக்கக்கூடும். அந்த மாத்திரைகளை நிறுத்திய விதத்திலும் எங்களுக்குத் தவறு நேர்ந்தது. வலி குறைந்துவிட்டது என்று அவரே ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். பிறகு தூக்கமில்லாமலும் வியர்த்தும் படபடத்தும் மூன்று இரவுகள் கழிந்தன. படிப்படியாகக் குறைத்திருக்கவேண்டும் என்று பிறகுதான் சொன்னார்கள். வண்டி ஓட்டுவதற்கும் இதே கணக்குத்தான்: அத்தகைய மாத்திரையை எடுத்துக்கொண்டிருக்கும் வரையில் ஓட்டக்கூடாது, அதன் பிறகும் சட்டென்று பிரேக்கை மிதிக்கும் வேகம் வந்துவிட்டதா என்று மருத்துவர் பார்த்து அனுமதித்த பிறகே ஓட்டவேண்டும்.

இரண்டாவது மாதத்தில் அவர் எரிந்து எரிந்து விழுந்தார். ஒரு தண்ணீர்க் குடத்தைக்கூட நான் தூக்குவதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்பதே காரணம் என்று பின்னாளில்தான் சொன்னார். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் 'ஆள் நன்றாகத்தானே இருக்கிறீர்கள்' என்றுவிட்டுப் போவார்கள். அந்த வார்த்தை அவரை மேலும் தனியாக்கிவிடும். வெளியே கட்டு எதுவும் தெரியாத நோயாளிக்கு இந்தத் தொல்லை உண்டு. உங்களுக்குப் பணிவிடை செய்பவரிடம் 'உதவி செய்' என்று பொதுவாகச் சொல்லாமல், காலுறையை மாட்டிவிடு, கீழ்த்தட்டில் இருப்பதை மேல்தட்டுக்கு மாற்றிவிடு என்று குறிப்பாகக் கேளுங்கள். எதற்கெடுத்தாலும் ஓடிவந்து தாங்கிப்பிடித்த நான், அவர் தானாகச் செய்யக்கூடியதையும் செய்யவிடாமல் வைத்திருந்தேன்.

கூச்சத்தால் யாரும் கேட்காத ஒரு கேள்வியும் உண்டு. தாம்பத்திய உறவை எப்போது தொடங்கலாம் என்பதை மருத்துவரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்காமல் ஐந்து மாதம் பயந்துகொண்டிருந்தோம். கேட்டபோது, அவர் பல வாரங்களுக்கு முன்பே அனுமதித்திருப்பார் என்று தெரிந்தது.

கேள்வி கேட்டவர், ஒன்பது நாட்களுக்குப் பிறகு

எல்லாருக்கும் நன்றி. குதிகாலில் நின்று பார்த்தேன். இடது கட்டைவிரல் வலதைவிடக் கொஞ்சம் எளிதாக அழுத்தத்துக்குப் பணிந்துவிட்டது. அன்றே மருத்துவமனைக்குத் தெரிவித்ததும் வரச்சொன்னார்கள். அறுவை சிகிச்சைக்கு முன் எழுதிய குறிப்பை எடுத்துப் பார்த்த மருத்துவர், அந்த வலுக்குறைவு அப்போதே இதைவிட அதிகமாக இருந்ததாகவும், இப்போது தேறியிருப்பதாகவும் சொன்னார். இரண்டு ஆண்டுகளாக வலியையே கவனித்துக்கொண்டிருந்ததால் விரலில் வலு குறைந்தது எனக்குத் தெரியவே இல்லை. இனி வாரம் ஒருமுறை மட்டும் அதைச் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். நாள்தோறும் சோதிக்கக்கூடாது என்று அழுத்திச் சொன்னார், என்னை அவர் புரிந்துகொண்டுவிட்டார் போலிருக்கிறது.

புகைபிடிக்கும் பழக்கம் இருந்தது. அறுவை சிகிச்சைக்கு ஆறு வாரம் முன்பே விட்டுவிட்டேன் என்று இங்கே எழுதலாம் என்றால், கடந்த மாதம் நான்கைந்து முறை தவறியிருக்கிறேன். மருத்துவரிடம் இதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை; எக்ஸ்ரேயைத் திரும்ப ஒருமுறை எடுத்து நீண்ட நேரம் பார்த்தார்.

அலுவலகத்துக்கு 12 வாரம் முடிந்த பிறகு, முதலில் அரைநாள் வீதம் வருவதாகவும், எழுந்து நின்று வேலை செய்ய உயரமான மேசை ஒன்று தேவைப்படும் என்றும் எழுதிக்கொடுத்திருக்கிறேன். பெல்ட் இப்போது கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. நடையை 20 நிமிடத்துக்கு இறக்கி மீண்டும் தொடங்கினேன். மூன்று காலைகள் தொடர்ந்து எளிதாக எழுந்தால் மட்டுமே இரண்டு நிமிடம் கூட்டுவது என்று வைத்திருக்கிறேன். நேற்று 24. இன்று காலை கொஞ்சம் இறுக்கமாக இருந்ததால் இன்றும் 24-தான்.